வில்ஃப்பின் கூரைமேல் ஒரு வீடு

டாட்மோர்டன்
மே 3, 2013

அன்புள்ள நெவில்,

கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையைத் தவிர உனக்கு நான் எதுவும் எழுதி நான்கு வருடம் ஆகிறது. உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ போய்விட்டார்கள் என்று பயந்திருப்பாய். யாரும் போகவில்லை. போவதற்கு நம் வீட்டில் உன்னையும் என்னையும் விட்டால் ஆள் இல்லை.

நான் வீடு வாங்கப் போகிறேன். சிரிக்காதே. நாற்பத்தேழு வயதில், பஸ் ஓட்டுகிறவளுக்கு, வீட்டுக் கடன் சங்கத்தில் கடன் தருவதாக ஒப்புக்கொண்டுவிட்டார்கள். நான் வாடகைக்கு இருக்கிற இந்த மீன் வறுவல் கடை மாடியை முதலாளி விற்கிறார். அக்டோபர் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். இன்னொரு மாடி, இன்னொரு முதலாளி என்று அலைய எனக்குத் தெம்பில்லை. இந்த முறை என் கதவுக்கு என் சாவி வேண்டும்.

வீடு ஹெப்டன் பிரிட்ஜில், மேட்டுத் தெருவில். கீழே ஓர் அறையும் சமையலறையும், மேலே இரண்டு படுக்கையறை. ஜன்னலைத் திறந்தால் கால்வாய் தெரிகிறது. பார்க்கப் போன அன்று தரைக்கு அடியிலிருந்து கிரிக்கெட் வர்ணனை கேட்டது. கீழ்வீட்டுக் கிழவர் வானொலியை அலறவிட்டிருந்தார். நான் அங்கேயே நின்று ஒரு ஓவர் கேட்டுவிட்டுத்தான் மாடி ஏறினேன். அப்போதே மனதுக்குள் வாங்கிவிட்டேன்.

விஷயம் இதுதான். வக்கீல் வைக்க வேண்டுமாம். தரகர் அலுவலகத்துப் பெண் தேநீர் போட்டுக் கொடுத்து, ஒரு படிவத்தையும் நீட்டினாள். "எங்க ஆளுங்களே எல்லாம் பாத்துப்பாங்க மேடம், நீங்க கையெழுத்துப் போட்டா போதும்" என்றாள். அவ்வளவு அன்பாகப் பேசியவளிடம் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கண்ணாடி கொண்டுவரவில்லை என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது.

வீட்டு வக்கீலை எப்படித் தேர்ந்தெடுப்பது? உன்னைச் செய்யச் சொல்லவில்லை, கேட்கிறேன். அவ்வளவுதான். தொலைபேசியில் கேட்கலாம், ஆனால் இரண்டாவது நிமிடம் நீ தீர்ப்புச் சொல்வாய், மூன்றாவது நிமிடம் நான் வைத்துவிடுவேன். காகிதத்தில் என்றால் இருவரும் வாக்கியத்தை முடித்தாக வேண்டும்.

பெவ்


பிளைமவுத்
மே 9, 2013

அன்புள்ள பெவர்லி,

கடிதம் கிடைத்தது. எதிலும் கையெழுத்துப் போடாதே. தரகர்கள் அனுப்பிவைக்கும் ஒவ்வொரு ஆளுக்கும் அந்த வக்கீல் நிறுவனத்திடமிருந்து கமிஷன் வாங்குவார்கள். தேநீர் அந்தக் கணக்கில்தான் வந்தது.

தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியமே இல்லை. முப்பது வருடமாக நான் செய்கிற தொழில் இதுதான். சங்கத்தின் கடன் கடிதம், தரகர் கொடுத்த விவரக் குறிப்பு, உன் அடையாளச் சான்றுகள் எல்லாவற்றையும் பதிவுத் தபாலில் அனுப்பு. விற்பவர்களின் வக்கீலுக்கு நானே எழுதிக்கொள்கிறேன். கட்டணம் வேண்டாம். சொந்த அண்ணன் வக்கீலாக இருக்கும்போது நீ அந்நியனுக்குப் பணம் கட்டினால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள்.

இனி தரகர் உன்னிடம் எது கேட்டாலும் என்னிடம் பேசச் சொல்.

நெவில்


டாட்மோர்டன்
மே 14, 2013

நெவில்,

வழி கேட்டால் ஸ்டியரிங்கையே பிடுங்குகிறாய். என் பஸ்ஸில் யாராவது இப்படிச் செய்தால் அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிடுவேன்.

அப்பாவின் சாவிலும் இதுதான் நடந்தது. நீ ராத்திரி ரயிலில் வந்து இறங்கினாய். காலையில் பாதிரியாரிலிருந்து பன்றி இறைச்சி சாண்ட்விச் வரைக்கும் எல்லாம் ஏற்பாடாகியிருந்தது. ஆறு வருடம் அவரைக் குளிப்பாட்டியவள் நான். அவருக்குப் பிடித்த பாட்டு எது என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? என் அப்பாவின் சாவுக்கு நான் விருந்தாளி மாதிரி வந்து நின்றேன். நாம் பேசாமல் போனதற்குக் காரணம் நான் அன்று கத்தியது என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். காரணம் அந்த சாண்ட்விச்தான்.

இலவசம் வேண்டாம் என்பதும் அதனால்தான். காசு கொடுத்தால், ஏன் இன்னும் முடியவில்லை என்று கேட்கலாம். இலவசமாக வாங்கினால் நன்றி மட்டும்தான் சொல்ல முடியும்.

இத்தனையும் எழுதிவிட்டு, தரகர் சொன்ன நிறுவனத்துக்கு ஃபோன் போட்டுப் பார்த்தேன். நான்கு முறை பேசினேன், நான்கு குரல். நான்காவது குரல் என்னை மிஸ்டர் பெவர்லி என்று கூப்பிட்டது. அதற்கு நீ எவ்வளவோ தேவலை.

சரி, நீயே செய். ஆனால் நான் உன் தங்கை இல்லை, வாடிக்கையாளர். பில் அனுப்பு. எதைச் செய்தாலும் முதலில் என்னிடம் சொல். காகிதங்கள் இத்துடன் இருக்கின்றன.

பெவ்


பிளைமவுத்
மே 30, 2013

அன்புள்ள பெவர்லி,

உன் காகிதங்களைத் திருப்பி அனுப்புகிறேன். இந்த வேலையை என்னால் எடுத்துக்கொள்ள முடியாத நிலை. தயவுசெய்து வேறு நல்ல நிறுவனமாகப் பார்த்துக்கொள். தாமதத்துக்கு வருந்துகிறேன்.

நெவில்


டாட்மோர்டன்
ஜூன் 3, 2013

நெவில்,

இரண்டு வாரம் வைத்திருந்துவிட்டு நான்கு வரி. என்ன, என் வீடு உன் மேஜைக்குச் சின்னதாகப் போய்விட்டதா? பில் அனுப்பு என்று சொன்னது ரோஷத்தைக் கிளப்பிவிட்டதா? நான் இறங்கி வந்து கேட்டேன். அதை நீ எண்ணிப் பார்த்திருக்கலாம். இனி உன்னிடம் எதுவும் கேட்க மாட்டேன்.

பெவர்லி


டாட்மோர்டன்
ஜூன் 6, 2013

நெவில்,

மூன்றாம் தேதிக் கடிதத்தைக் கிழித்துப் போடு. முடிந்தால் படிக்காமலே கிழி.

இன்று சங்கத்துக்குப் போயிருந்தேன். வேறு வக்கீல் வைக்கப் போகிறேன் என்றதும், அங்கிருந்த பெண் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஆமாம்மா, அந்த பிளைமவுத்காரர் எங்க பட்டியல்ல இல்ல. ஒத்தை ஆள் வெச்சு நடத்துற ஆபீஸ் எல்லாத்தையும் மேலிடத்துல எடுத்துட்டாங்க. அவர் ரெண்டு தடவை எழுதிக் கேட்டிருக்காரு, பாவம்."

பாவம் என்றாள். உன்னைப் பற்றி ஒருத்தி பாவம் என்று சொல்வதை நான் முதன்முறையாகக் கேட்கிறேன். அவளை அறைய வேண்டும் போலிருந்தது.

ஏன் என்னிடம் சொல்லவில்லை?

பெவ்


பிளைமவுத்
ஜூன் 12, 2013

அன்புள்ள பெவ்,

கிழிக்கவில்லை. இரண்டையும் வைத்திருக்கிறேன்.

வீட்டுக் கடன் போட்டு வாங்கினால், உன் வக்கீலேதான் கடன் கொடுக்கிறவர்களுக்கும் வக்கீல். அதனால் அவர்கள் தங்கள் பட்டியலில் இருக்கிற ஆளைத்தான் ஏற்பார்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வங்கி என்னைப் பட்டியலிலிருந்து எடுத்தது, பிறகு இன்னொன்று. வீடு வாங்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கடனோடுதான் வருகிறார்கள். அவர்களை எல்லாம் நான் இப்போது வாசலோடு அனுப்பிவிடுகிறேன். தட்டச்சுக்கு இருந்த பெண்ணும் போன வசந்தத்தில் போய்விட்டாள். இந்தக் கடிதம் மாதிரியே எல்லாம் நானே அடிக்கிறேன். உன் சங்கத்தின் பட்டியலில் நான் இல்லை என்பது உனக்கு எழுதும்போதே எனக்குத் தெரியும். கெஞ்சினால் ஒருமுறை விதிவிலக்குக் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. வேறு காரணமில்லை.

நீ முதலில் கேட்டதற்கு இப்போதாவது பதில் சொல்கிறேன். பட்டியலில் இருக்கிறாரா என்று உன் வக்கீலிடம் வாய் திறந்து கேள், அவர் சொல்வதைச் சங்கத்திலும் சரிபார். உன் கோப்பை எந்தக் கை பார்க்கும், அந்தக் கைக்குச் சொந்தக்காரர் விடுமுறையில் போனால் யார் என்று கேள். சொல்கிற கட்டணத்துக்குள் எதெல்லாம் அடங்கும், வாங்குவது நின்றுபோனால் என்ன தர வேண்டும் என்று கேள். எல்லாவற்றையும்விட, நேரில் போய்ப் பார். மலிவானதை ஒதுக்கு என்று சொல்லவில்லை. உன்னிடம் திருப்பிக் கேள்வி கேட்காத ஆளை ஒதுக்கு.

இன்னொன்று. உன் முதல் கடிதத்தை நேற்று மறுபடி எடுத்துப் படித்தேன். தரைக்கு அடியிலிருந்து கிரிக்கெட் கேட்டது என்று எழுதியிருக்கிறாய். பெவ், அது மேல்வீடா? மேட்டுத் தெருவில் உன் கதவு, பள்ளத் தெருவில் அவர் கதவு, உன் தரைதான் அவர் கூரையா? நாம் இருவரும் அந்தச் சரிவில் பிறந்தவர்கள். அங்கே பாதி வீடுகள் அப்படித்தான் ஒன்றின் தலையில் ஒன்று உட்கார்ந்திருக்கும் என்பதால் உனக்கு அதைச் சொல்லத் தோன்றவில்லை, எனக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை. ஆனால் உன் மண் உன்னுடையது இல்லை. கீழ்வீட்டுக்காரர் அவர் சுவரை இடித்தால் உன் வீடு நிற்காது. அவர் தாங்க வேண்டும், நீ அவர்மேல் மழை படாமல் காக்க வேண்டும் என்று பத்திரத்தில் எங்காவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடைசி வாரத்தில் சங்கம் கடனைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அதனால் பார்க்கிற ஒவ்வொரு வக்கீலிடமும் இதையே கேள்: என் வீடு இன்னொருவர் வீட்டின்மேல் இருக்கிறது, நீங்கள் என்ன செய்வீர்கள்?

நெவில்

பி.கு. அப்பாவுக்குப் பிடித்த பாட்டு எது?


டாட்மோர்டன்
ஜூன் 24, 2013

அன்புள்ள நெவ்,

மேல்வீடுதான். வேறென்ன, நம் ஊரில் வீடு வானத்திலா தொங்கும் என்று எழுத வந்தேன். யோசித்தால் அப்படித்தான் தொங்குகிறது.

மூன்று பேரிடம் கேட்டேன். முதலில் தரகரின் ஆட்களிடம், ஃபோனில். "அது ஃப்ளாட்டுங்களா மேடம்?" என்றான் ஒரு பையன். "இல்லப்பா, வீடு. அதுக்கு அடியில இன்னொரு வீடு." "அப்ப ஃப்ளாட்டுதானே." "ஃப்ளாட்டுன்னா ஒரே வாசல் இருக்கும்ல? இங்க தெருவே ரெண்டு." இசை போட்டுவிட்டான். பிறகு அவன் வரவே இல்லை.

அடுத்து ஹாலிஃபாக்ஸில் ஒரு பெரிய இடம். தரைவிரிப்பில் என் பஸ் ஷூவை வைக்கவே கூச்சமாக இருந்தது. நல்ல பிஸ்கட். சட்டையை இஸ்திரி போட்ட கையோடு வந்த மாதிரி ஓர் இளைஞர், "கவலையே படாதீங்க, ஒரு இன்சூரன்ஸ் எடுத்துட்டா முடிஞ்சுது" என்றார். வீடு எந்தத் தெரு என்றுகூடக் கேட்கவில்லை. என் கோப்பை யார் பார்ப்பார்கள் என்றேன். "எங்க டீம்" என்றார். டீமில் யார் என்றேன். இன்னொரு பிஸ்கட் கொடுத்தார்.

மூன்றாவது மிஸஸ் ஹெலிவெல், ஹெப்டன் பிரிட்ஜிலேயே, செருப்புக் கடைக்கு மேலே. என் வயதுதான் இருக்கும். கேள்வியைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"கீழ யாரு இருக்கா?"

"ஒரு கிழவர்."

"பேரு?"

எனக்குத் தெரியவில்லை.

"பேரு தெரியாமலே அவர் தலைமேல குடியேறப் போறீங்களா?" என்றவர், மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, "வாங்க, பாத்துட்டு வருவோம்" என்று கிளம்பிவிட்டார். கொட்டுகிற மழையில் இரண்டு தெருவையும் இரண்டு கதவையும் பார்த்தோம். சங்கத்தின் பட்டியலில் இருக்கிறீர்களா என்றேன். "இருக்கேன். தூக்கத்தான் பாத்தாங்க, விடல" என்றார். அவர் விடுமுறையில் போனால் அவருடைய தொழில் கூட்டாளி பார்ப்பாராம், அவரையும் கூப்பிட்டு அறிமுகம் செய்துவைத்தார். கட்டணம் மூன்றில் குறைவானது இல்லை. நான் அங்கேயே கையெழுத்துப் போட்டேன், மூக்கில் கண்ணாடியோடு.

இந்தக் கேள்விகளை எல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். என் அண்ணன் என்றேன். அப்படிச் சொல்லி ரொம்ப நாளாயிற்று.

பெவ்

பி.கு. அப்பாவுக்குப் பாட்டே பிடிக்காது. நீ கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.


பிளைமவுத்
ஜூலை 2, 2013

அன்புள்ள பெவ்,

மழையில் நடந்து பார்க்கிற வக்கீலை நான் இதுவரை சந்தித்ததில்லை. நானும் போனதில்லை. அவரை விட்டுவிடாதே.

ஒன்று மட்டும் சொல்கிறேன், ஸ்டியரிங்கைப் பிடிக்கவில்லை. மிஸஸ் ஹெலிவெல் சரி என்று சொல்லும்வரை கீழ்வீட்டுக்காரரிடம் இதைப் பற்றி எதுவும் பேசாதே. ஏன் என்று அவரே சொல்வார்.

நெவில்


டாட்மோர்டன்
ஆகஸ்ட் 19, 2013

நெவ்,

உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே பேசிவிட்டேன்.

நான் என்ன தப்பு செய்தேன்? அடுத்தவர் தலைமேல் குடி வரப்போகிறவள், ஒரு இஞ்சிக் கேக் செய்து எடுத்துக்கொண்டு கீழே போனேன். நம் ஊரில் வேறு எப்படிப் போவது? அவர் பெயர் வில்ஃப். எழுபத்தெட்டு வயது, சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். இரண்டு துண்டு சாப்பிட்டார். நான் பேச்சுவாக்கில், நமக்குள் ஒரு பத்திரம் எழுதிக்கொள்ள வேண்டியிருக்கும் போலிருக்கிறது என்றேன். மூன்றாவது துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

இதை மிஸஸ் ஹெலிவெல்லிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். பத்திரம் கிடைக்காவிட்டால் காப்பீடு எடுக்கலாம் என்று ஒரு வழி இருந்ததாம். ஆனால் கீழ்வீட்டுக்காரரிடம் ஒருமுறை வாய் திறந்துவிட்டால், பத்திரம் இல்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அந்தக் காப்பீட்டை யாரும் தர மாட்டார்களாம். ஒரு கேக்கால் ஒரு கதவை மூடிவிட்டேன். இப்போது சங்கம் சொல்கிறது, வில்ஃப் கையெழுத்துப் போட்டால்தான் கடன்.

வில்ஃப் போட மாட்டேன் என்கிறார். மிஸஸ் ஹெலிவெல் எழுதி அனுப்பிய பத்திரத்தை ரொட்டி டப்பாவுக்கு அடியில் சொருகிவிட்டார். நான் இரண்டு முறை போய்க் கேட்டேன். "நாப்பது வருஷமா மேல ஆள் மாறி மாறி வந்தாச்சு கண்ணு. ஒருத்தர் எங்கிட்ட காகிதம் நீட்டல. நான் என்ன, ராத்திரியோட ராத்திரியா என் வீட்ட அடியிலேருந்து உருவிட்டு ஓடிடுவேனா?" என்றார். சங்கம் கேட்கிறது, நான் கேட்கவில்லை என்றேன். "அப்ப சங்கத்த வந்து கேக்கச் சொல்லு. என் சொல்லு போதாதுன்னா என் கையெழுத்து மட்டும் எப்படிப் போதும்?" இந்த விஷயத்தில் அவர் சொந்தமாக ஒரு வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டும், செலவை நான் தருகிறேன் என்றேன். அதற்குக் கதவைச் சாத்திவிட்டார்.

விற்கிறவர்களுக்குப் பொறுமை போய்க்கொண்டிருக்கிறது. ரொக்கமாகவே வாங்கிக்கொள்கிறேன் என்று லீட்ஸ்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். இரு பக்கமும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை இன்னும் மாற்றிக்கொள்ளாததால் நாளைக்கே அவருக்கு விற்றாலும் சட்டம் ஒன்றும் சொல்லாது. செப்டம்பர் முடியும்வரை எனக்குத் தந்திருக்கிறார்கள்.

அந்த வீடு போய்விடும் என்று பயமாக இருக்கிறது, நெவ். மேட்டுத் தெரு வழியாக பஸ்ஸை ஓட்டும்போது இப்போதெல்லாம் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை.

பெவ்


பிளைமவுத்
செப்டம்பர் 16, 2013

அன்புள்ள பெவ்,

இதை மிஸஸ் ஹெலிவெல் சொல்லி நீ தெரிந்துகொள்வதைவிட நானே சொல்லிவிடுகிறேன். போன வியாழக்கிழமை ஹெப்டன் பிரிட்ஜுக்கு வந்திருந்தேன். முன்பே அவரிடம் ஃபோனில் அனுமதி கேட்டேன். "உங்க தங்கச்சிகிட்ட கேட்டீங்களா?" என்றார். கேட்கவில்லை என்றேன். "அத நீங்களே சரி பண்ணிக்கங்க. பெரியவர்கிட்ட பத்திரத்த எடுத்துச் சொல்லலாம். போடு, போடாதேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாது" என்று எச்சரித்து அனுப்பினார்.

வில்ஃப் கதவைத் திறந்து, என்ன விற்க வந்தாய் என்று கேட்டார்.

"எதுவும் இல்ல. மேல்வீட்ட வாங்கப் போறவளோட அண்ணன். வக்கீல்."

"அப்ப கதவ சாத்த ரெண்டு காரணம் ஆச்சு" என்றார். ஆனால் சாத்தவில்லை. மழை பெய்துகொண்டிருந்தது, நான் குடை கொண்டுவரவில்லை.

உள்ளே உட்கார்ந்ததும், நீ என் தங்கை என்பதால் அவருக்கு நான் யோசனை சொல்ல முடியாது என்றேன். "அப்புறம் எதுக்கு இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்றார். பத்திரத்தைப் படித்தீர்களா என்று கேட்க வந்தேன் என்றேன். படிக்கவில்லை. எழுத்து பொடியாக இருக்கிறதாம். ரொட்டி டப்பாவுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். சத்தமாக வாசித்தேன்.

முதல் பக்கத்தில் அவர் செய்ய வேண்டியவை. சுவரை இடிக்கக் கூடாது, தூணைக் குடையக் கூடாது, மேல்வீட்டைத் தாங்க வேண்டும். முனகிக்கொண்டே கேட்டார். இரண்டாம் பக்கத்தில் நீ செய்ய வேண்டியவை. கூரையையும் மழைநீர்க் குழாயையும் பழுது பார்த்து, கீழ்வீட்டில் ஈரம் இறங்காமல் காக்க வேண்டும், தவறினால் அவர் உன்மேல் வழக்குப் போடலாம். வில்ஃப் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இத இன்னொரு தடவை படிங்க."

படித்தேன்.

"இது இத்தன நாளா எங்க இருந்துச்சு?"

"ரெண்டாம் பக்கத்துல."

"வந்தவங்க எல்லாரும் நான் என்ன தரணும்னுதான் சொன்னாங்க. எனக்கு என்ன வரும்னு ஒருத்தர் சொல்லல" என்று என்னைப் படுக்கையறைக்கு அழைத்துப் போனார். மேலே இருந்தவர்கள் குழாயைச் சரி செய்யாததால் ஒரு மூலை முழுக்கக் கறுத்துப் போயிருக்கிறது. இரண்டு குளிர்காலம் கட்டிலுக்குப் பக்கத்தில் வாளி வைத்துத் தூங்கியிருக்கிறார். மேலே போய்க் கேட்க அவருக்கு மரியாதைக் குறைச்சலாக இருந்ததாம். அந்த உணர்ச்சி எனக்குப் பழக்கமானது.

நல்ல வக்கீல் ஒருவரைச் சொல்லுங்கள் என்றார். நான் சொல்லக் கூடாது என்றேன். "மூணு பேர்கிட்ட போங்க. ஒரே கேள்வியக் கேளுங்க. திருப்பி உங்கள யாரு கேள்வி கேக்கறாங்களோ அவங்கள வெச்சுக்கங்க." என்ன கேள்வி என்றார். உங்களுக்கு எதில் பயமோ அதைக் கேளுங்கள் என்றேன். "மழை பேஞ்சா யாரு நனையறது?" என்றார். முப்பது வருடத்தில் அதைவிட நல்ல கேள்வியை எந்த வாடிக்கையாளரும் என்னிடம் கேட்கவில்லை.

அவர் போட்டாலும் போடுவார், போடாமலும் இருப்பார். உறுதி சொல்ல எனக்கு உரிமையில்லை.

உன்னைப் பார்க்காமல் திரும்பியதற்கு நீ கோபப்படலாம். ரயில் நிலையத்துக்கு இறங்கி வரும்போது பாலத்தில் உன் பஸ் எதிரே வந்தது. நீ சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். கையைத் தூக்கினேன், பிறகு இறக்கிவிட்டேன். இந்த டிசம்பரோடு என் அலுவலகத்தை மூடுகிறேன். அதை முகத்துக்கு நேரே உன்னிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. மே மாதம் உன் காகிதங்களை அப்படி அவசரமாகக் கேட்டேனே, அதற்குக் காரணமும் இதுதான். மூடுவதற்குள் என் கையால் இன்னும் ஒரு வீடு ஒருவருக்குப் போய்ச் சேர வேண்டும், அது உன்னுடையதாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

நெவில்


மேட்டுத் தெரு, ஹெப்டன் பிரிட்ஜ்
அக்டோபர் 21, 2013

அன்புள்ள நெவ்,

மேலே இருக்கிற முகவரியைப் பார். பிறகு மேலே படி.

வில்ஃப் மூன்று பேரைப் பார்த்தார். முதல் ஆள் சிரித்தாராம். இரண்டாவது ஆள், மழை பற்றிய கேள்விகள் தங்கள் பிரிவில் வராது என்றாராம். மூன்றாவது டாட்மோர்டனில் ஒரு சின்னப் பெண். "இப்ப யாரு நனையறீங்க?" என்று திருப்பிக் கேட்டிருக்கிறாள். அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அவள் லேசுப்பட்டவள் இல்லை. குழாயைக் குடிவந்த முதல் மாதத்திலேயே மாற்ற வேண்டும் என்று பத்திரத்தில் ஒரு வரி சேர்க்க வைத்தாள். மிஸஸ் ஹெலிவெல் என்னைப் பார்த்தார். நான் சரி என்றேன். அந்த மூலையை நானும் போய்ப் பார்த்திருந்தேன்.

செப்டம்பர் கடைசி வெள்ளிக்கிழமை வில்ஃப் கையெழுத்துப் போட்டார், கோட் போட்டுக்கொண்டு, கழுத்தில் டையோடு. திங்கட்கிழமை ஒப்பந்தம் மாற்றிக்கொண்டோம். லீட்ஸ்காரர் வேறு வீடு பார்த்துக்கொள்வார். போன வாரம் சாவி வாங்கினேன். கதவைத் திறந்து, பூட்டி, மறுபடி திறந்தேன். எதிர்வீட்டு அம்மாள் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும் என்று இன்னொரு முறை பூட்டினேன். உள்ளே போய்ப் பெட்டிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து அழுதேன். கிரிக்கெட் முடிந்துவிட்டதால் கீழே வானொலியில் இப்போது பித்தளை வாத்திய இசை. அது ஓடும்வரை அழுதேன், பிறகு எழுந்து தேநீர் போட்டேன்.

இப்போது உன்னைத் திட்டுகிறேன். பிளைமவுத்திலிருந்து அவ்வளவு தூரம் வந்தவன், பாலத்தில் தூக்கிய கையை எதற்காக இறக்கினாய்? நிறுத்தத்தில் நின்று கை காட்டியிருந்தால் நான் நிறுத்தியிருப்பேன். வேலையே அதுதான். அலுவலகம் மூடுவது ஒரு குற்றமா? முப்பது வருடம் ஊர்க்காரர்களுக்கு எல்லாம் வீடு வாங்கிக் கொடுத்தவன் என் அண்ணன் என்று எத்தனை பயணிகளிடம் பீற்றியிருக்கிறேன் தெரியுமா? நாம் பேசாமல் இருந்த வருடங்களிலும்தான்.

இன்னொரு செய்தி. மிஸஸ் ஹெலிவெல்லின் கூட்டாளி வசந்தத்தில் ஓய்வு பெறுகிறார். அனுபவமுள்ள ஒருவர் வாரத்தில் மூன்று நாள் வந்தால் நன்றாக இருக்கும் என்று என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உனக்காக நான் வாக்குக் கொடுக்கவில்லை. அது உன் வண்டி, ஓட்டுவதும் ஓட்டாததும் உன் இஷ்டம். ஆனால் வெள்ளிக்கிழமை இங்கே வா. இரண்டாவது படுக்கையறையில் கட்டில் போட்டுவிட்டேன். எத்தனை நாள் இருப்பாய் என்று கேட்க மாட்டேன்.

பத்திரத்தில் மூன்றாம் பக்கம் ஒன்று இருக்கிறது, நீ வாசித்தாயோ என்னவோ. மேல்வீட்டுக்குக் கனமான எதைக் கொண்டுவந்தாலும் கீழ்வீட்டுக்காரருக்கு முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். காலையில் போய் முறைப்படி கொடுத்துவிட்டேன்.

"என்ன வருது, பீரோவா?" என்றார் வில்ஃப்.

"என் அண்ணன். இப்ப கொஞ்சம் கனத்துப்போய்த்தான் வருவான்."

அவர் உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"வரச் சொல்லு கண்ணு. நான் தாங்கறேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்ல."

பெவ்